இலைக் கஷாயமும் ஈறு நோயும்

காலையில் பல் துலக்குகிறீர்கள். வாய் கொப்பளித்துத் துப்புகிறீர்கள். துப்பிய தண்ணீரில் சிவப்பாக ஏதோ தெரிகிறது. அது ரத்தம்.

வலி இல்லை. வீக்கமும் பெரிதாக இல்லை. "குச்சி குத்தியிருக்கும்" என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறீர்கள். மறுநாளும் ரத்தம் வருகிறது. அதற்கு மறுநாளும் வருகிறது.

கை விரலில் இப்படித் தினமும் ரத்தம் வந்தால் சும்மா இருப்போமா? மருந்து போடுவோம். கட்டுப் போடுவோம். ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். வாயில் வரும் ரத்தத்தை மட்டும் துப்பிவிட்டுப் போகிறோம்.

வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் ஏதாவது ஓர் இலையைச் சொல்வார்கள். வேப்பிலையைக் கொதிக்க வைத்துக் கொப்பளி என்பார் ஒருவர். கொய்யாக் கொழுந்தை மென்று துப்பு என்பார் இன்னொருவர். துளசி என்பார் வேறொருவர். நம் நாட்டில் எந்த மாநிலத்துக்குப் போனாலும் இப்படி ஓர் இலை இருக்கும்.

இந்த யோசனையில் உண்மை இருக்கிறதா? இருக்கிறது. ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த உண்மைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டால் பல் பிழைக்கும். தெரியாவிட்டால், கஷாயம் கொப்பளித்துக்கொண்டு இருக்கும்போதே பல் ஆட ஆரம்பித்துவிடும்.

ரத்தம் ஏன் வருகிறது?

தூங்கி எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, மாவு போல வரும். இதைத்தான் பல் ஊத்தை என்கிறோம்.

ஊத்தை என்பது சாப்பாட்டு மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதில் பெரும்பகுதி உயிருள்ள கிருமிகள். கடுகளவு ஊத்தையில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும்.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர் ஒரு துணி வியாபாரி. ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊரைச் சேர்ந்தவர். பெயர் லீவன்ஹூக். அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. ஆனால் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து மிக நுட்பமான பூதக்கண்ணாடிகளைத் தானே செய்தார். 1683ஆம் ஆண்டில் தன் பல் ஊத்தையைச் சுரண்டி அதன் வழியே பார்த்தார். சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளி ஓடுவதைக் கண்டார். லண்டனில் இருந்த அறிஞர் சபைக்குக் கடிதம் எழுதினார்.

அவர் அதோடு நிற்கவில்லை. இன்னொரு சோதனையும் செய்தார். காடி என்று சொல்லும் வினிகரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். பிறகு மறுபடியும் ஊத்தையை எடுத்துப் பார்த்தார். கிருமிகள் உயிரோடுதான் இருந்தன. அடுத்து, ஊத்தையை வெளியே எடுத்துத் தண்ணீரில் கரைத்தார். அதில் கொஞ்சம் வினிகரைக் கலந்தார். உடனே கிருமிகள் செத்துப்போயின.

ஒரே வினிகர். ஒரே ஊத்தை. வெளியே கொல்கிறது, வாய்க்குள் கொல்லவில்லை. ஏன்? லீவன்ஹூக் யோசித்தார். வாயில் ஊற்றிய வினிகர், ஊத்தையின் மேல்பக்கத்தில் இருந்த கிருமிகளை மட்டும் கொன்றது. உள்ளே போய்ச் சேரவில்லை. இதுதான் அவர் கண்ட முடிவு.

300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் சொன்னது இன்றும் சரி. இலைக் கஷாயத்தைப் புரிந்துகொள்ள இந்த வினிகர் கதையே போதும். அதனால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிருமிகள் தனித்தனியாக மிதப்பதில்லை. கூட்டமாகப் பல்லில் ஒட்டுகின்றன. பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து தம்மைச் சுற்றிப் பூசிக்கொள்கின்றன. குளத்துப் படியில் பாசி பிடிப்பது போலத்தான். பாசி மேல் தண்ணீரை ஊற்றினால் போகுமா? தேய்த்தால்தான் போகும்.

இந்த ஊத்தை ஈறு ஓரத்தில் தங்கிவிட்டால், கிருமிகள் வெளியிடும் கழிவு ஈறை உறுத்துகிறது. உடம்பு சும்மா இருக்குமா? சண்டைக்கு வருகிறது. அந்த இடத்துக்கு ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. ஈறு சிவக்கிறது, உப்புகிறது. லேசாகத் தொட்டாலும் ரத்தம் கசிகிறது.

இது எவ்வளவு நாளில் நடக்கும்? டென்மார்க் நாட்டில் ஹெரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர் சோதித்துப் பார்த்தார். 1965இல் அதைப் பற்றி எழுதினார். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. ஒருவரும் தப்பவில்லை. பிறகு பல் துலக்கச் சொன்னார். சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மாத்திரை கொடுக்கவில்லை. மருந்து கொடுக்கவில்லை. துலக்கியதே மருந்து.

ஊத்தை கல்லாகிறது

ஆரம்ப நிலையில் உள்ள ஈறு நோய் இப்படித் திரும்பிவிடும். அடுத்த நிலைக்குப் போனால் அவ்வளவு எளிதாகத் திரும்பாது.

நம் எச்சிலில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தேய்க்காமல் விட்ட ஊத்தையில் இந்தச் சத்து படிகிறது. சில நாளில் அது இறுக ஆரம்பிக்கும். பிறகு கல்லைப் போல ஆகிவிடும். இதைக் காரை என்கிறோம். கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். பலருக்கு அங்கே மஞ்சளாகக் காரை இருக்கும். காரையின் மேல்பக்கம் சொரசொரப்பானது. அதன் மேல் புது ஊத்தை இன்னும் சுலபமாக ஒட்டும்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சிறிய இடுக்கு இருக்கிறது. நல்ல ஈறில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். நோய் வந்தால் இடுக்கு ஆழமாகும். 4, 5, 6 மில்லிமீட்டர் என்று பை போல இறங்கும். பையின் அடியில் காற்று கிடையாது. காற்று இல்லாத இடத்தில் வாழும் கிருமிகள் அங்கே குடியேறும். இவைதான் பொல்லாதவை. இவற்றோடு உடம்பு போடும் சண்டையில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைய ஆரம்பிக்கிறது.

பல் சொத்தை வந்தால் வலி உயிர் போகும். ஈறு நோய் அப்படி இல்லை. பெரும்பாலும் வலிக்காது. எலும்பு கரைவது வெளியே தெரியாது. வாய் நாற்றம் வரும். ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரியும். பல்லுக்கு நடுவே சந்து விழும். கடைசியில் பல் ஆடும். அப்போதுதான் மருத்துவரைத் தேடுவோம். கரைந்த எலும்பு பெரும்பாலும் பழையபடி வளராது.

உலகத்தில் பெரியவர்களில் 100 பேருக்கு 19 பேர் கடுமையான ஈறு நோயோடு இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்குச் சொன்னது. 100 கோடிப் பேருக்கும் மேல்.

இலையில் என்ன இருக்கிறது?

இனி இலைக்கு வருவோம்.

ஆட்டைக் கண்டால் செடி ஓட முடியாது. பூச்சி கடித்தால் தட்டிவிட முடியாது. இலையில் பூஞ்சை பிடித்தால் துடைக்க முடியாது. அதனால் பல செடிகள் தங்கள் இலையிலேயே காவலுக்குச் சில பொருள்களைச் செய்து வைத்துக்கொள்கின்றன. இலையின் கசப்பு, துவர்ப்பு, காரம், வாசனை எல்லாம் பெரும்பாலும் இந்தக் காவல் பொருள்களால் வருபவை. நமக்காகச் செய்து வைத்தவை அல்ல. நாம் அவற்றை இரவல் வாங்கிக்கொள்கிறோம்.

வேப்பிலையின் கசப்பில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. நிம்போலைடு என்பது அவற்றில் ஒன்று. துளசியின் வாசனையில் யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருள் உண்டு. கிராம்பில் இருப்பதும் அதுவே. பல்வலிக்குக் கிராம்பு வைப்பது இதனால்தான். வெற்றிலையின் காரத்தில் ஹைட்ராக்சி சவிக்கால் என்ற பொருள் இருக்கிறது. இவை எல்லாம் கிருமிகளைத் தாக்கக்கூடியவை.

கொய்யா இலையில் துவர்ப்பு அதிகம். துவர்ப்புக்குக் காரணம் டானின். தோல் பதனிடும் இடத்தில் ஆவாரம்பட்டையும் கருவேலம்பட்டையும் போடுவார்கள் அல்லவா? அதுவும் டானினுக்காகத்தான். டானின் தோலை இறுகச் செய்யும். வாயில் பட்டால் ஈறின் மேல்பரப்பும் கொஞ்சம் இறுகும். கொய்யாக் கொழுந்தை மென்றதும் வாய் இழுத்துப் பிடிப்பது போல இருக்கும். ரத்தக் கசிவும் குறைந்தது போலத் தோன்றும்.

தோன்றும் என்று சொன்னதைக் கவனியுங்கள். மேலே இறுகுவது வேறு. அடியில் கிருமி போவது வேறு.

கொய்யா நம் நாட்டு மரம் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. போர்ச்சுகீசியர் காலத்தில் இங்கே வந்து ஊன்றிவிட்டது. ஆகவே கொய்யா இலை வைத்தியமும் சில நூறு ஆண்டுகளுக்குள் நம் மக்கள் தாமாகக் கண்டுபிடித்துக்கொண்டதுதான். பாட்டி வைத்தியம் எல்லாம் ஆதிகாலத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை.

கொய்யாப் பழத்தையும் மறக்க வேண்டாம். அதில் சி வைட்டமின் ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். இந்தச் சத்து அடியோடு குறைந்துபோனாலும் ஈறில் ரத்தம் வரும். இலையை மென்று துப்பலாம். பழத்தைச் சாப்பிடலாம்.

தட்டில் சாகும் கிருமி

"வேப்பிலைச் சாறு கிருமிகளைக் கொல்கிறது என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்." இப்படிச் செய்தி வரும். எப்படி நிரூபித்தார்கள்?

கடல்பாசி ஜெல்லி தெரியுமா? கடல்பாசியைக் காய்ச்சி ஆறவைத்தால் கட்டியாக உறையும். ரம்ஜான் நோன்பு மாதத்தில் பல வீடுகளில் செய்வார்கள். ஆய்வுக்கூடத்திலும் அதே மாதிரிப் பொருளைத்தான் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். அதற்கு அகர் என்று பெயர். கிருமிக்கு வேண்டிய உணவையும் அதில் கலக்கிறார்கள். அதன் மேல் வாய்க் கிருமியைப் பரப்புகிறார்கள். நடுவே சிறு குழி தோண்டி இலைச் சாற்றை விடுகிறார்கள். இளஞ்சூட்டில் வைத்துவிட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துப் பார்க்கிறார்கள்.

தட்டு முழுவதும் கிருமி வளர்ந்து மங்கலாக இருக்கும். குழியைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெளிவாக இருக்கும். அந்த வட்டத்தில் கிருமி வளரவில்லை. வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறார்கள். இதுதான் சோதனை. வேம்பு, கொய்யா, துளசி, வெற்றிலை என்று நம் நாட்டுக் கல்லூரிகளில் எத்தனையோ முறை செய்து பார்த்திருக்கிறார்கள். வட்டம் விழத்தான் செய்கிறது.

நல்ல சோதனைதான். எந்த இலையை மேலும் ஆராயலாம் என்று அது காட்டும். ஆனால் தட்டு வேறு, வாய் வேறு.

தட்டில் சாறு ஒரு நாள் முழுவதும் அசையாமல் நிற்கிறது. வாயில் ஒரு நிமிடம் நிற்பதே அதிகம். எச்சில் வந்து கழுவிக்கொண்டு போய்விடும். தட்டில் பெரும்பாலும் ஒரே வகைக் கிருமி. மனிதர்களின் வாய்களில் 700க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்துச் சாறும் நம் வீட்டுக் கஷாயம் அல்ல. இலையைக் காயவைத்துப் பொடித்து, சாராயச் சத்தில் ஊறவைத்து, வடித்து, சுண்டவைத்து எடுத்த சாறு. அதன் வீரியம் வேறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டில் இருக்கும் கிருமிக்குப் பழைய ஊத்தைக்குள் கிடைக்கும் பாதுகாப்புக் கிடையாது. வாயில் உண்டு. லீவன்ஹூக்கின் வினிகர் ஞாபகம் இருக்கிறது அல்லவா?

மனிதர் வாயில் செய்த சோதனை

தட்டோடு நிற்காமல் மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் மணிப்பால் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மருந்தியல் ஆராய்ச்சியாளர்கள் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு ஒரு களிம்பு செய்தார்கள். ஒரு கிராம் களிம்பில் 25 மில்லிகிராம் சாறு. வாயில் பட்டால் ஒட்டிக்கொண்டு நிற்கும் களிம்பு அது. எச்சில் சீக்கிரம் கழுவிவிடக் கூடாதே, அதற்காக.

20 முதல் 30 வயது வரை உள்ள 36 ஆண்களிடம் 6 வாரம் சோதித்தார்கள். கடையில் விற்கும் குளோர்ஹெக்சிடின் என்ற கொப்பளிப்பு மருந்தோடு ஒப்பிட்டார்கள். வேப்பிலைக் களிம்பு பயன்படுத்தியவர்களுக்கு ஊத்தை குறைந்தது. கிருமி எண்ணிக்கையும் குறைந்தது. 2004இல் இந்த முடிவு வெளிவந்தது.

துளசியையும் சோதித்தார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வு அது. மருத்துவ மாணவர்கள் 108 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் துளசிச் சாறு. ஒரு குழுவுக்குக் குளோர்ஹெக்சிடின். ஒரு குழுவுக்கு வெறும் உப்பு நீர். எது யாருக்கு என்று மாணவர்களுக்குத் தெரியாது. 30 நாள் முடிவில் துளசிக் குழுவுக்கும் குளோர்ஹெக்சிடின் குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே பலன் கிடைத்தது.

இது சின்ன விஷயம் இல்லை. குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்து. ஆனால் வாரக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். நாக்கில் ருசி மாறும். வேப்பிலையும் துளசியும் வீட்டு வாசலில் கிடைப்பவை. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சோதனைக்கு வந்தவர்கள் யார் என்று பாருங்கள். எல்லோரும் இளைஞர்கள். சோதித்த காலம் ஒரு மாதம், ஒன்றரை மாதம். அவர்கள் அளந்தது ஊத்தையையும் ஈறு ஓரத்துச் சிவப்பையும். எலும்பு கரைந்த 50 வயதுக்காரரின் ஆழமான பையை இலைச் சாறு குணமாக்கியது என்று இந்தச் சோதனைகள் சொல்லவில்லை. சொல்லாததை நாம் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

வாய் கொப்பளிக்கும் எந்தத் திரவமும் ஈறு ஓரத்துக்கு அடியில் மிகச் சிறிதளவே இறங்கும். அது வேப்பிலைக் கஷாயமாக இருந்தாலும் சரி, விலை உயர்ந்த மருந்தாக இருந்தாலும் சரி. பையின் அடி அதற்கு எட்டாது. கல்லாகிப்போன காரையை எந்தக் கஷாயமும் கரைக்காது.

பழமொழி என்ன சொல்கிறது?

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று தமிழில் சொல்வார்கள். கவனித்தீர்களா? அது இலையைச் சொல்லவில்லை. ஆலம் விழுதையும் கருவேலங்குச்சியையும் சொல்கிறது. வடக்கே தாதுன் என்று குச்சிக் கட்டுகளைச் சந்தையிலும் ரயில் நிலைய வாசலிலும் விற்பார்கள். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வேப்பங்குச்சி. ஜார்க்கண்டில் சால் மரக் குச்சியும் உண்டு. ராஜஸ்தான், குஜராத் பக்கம் மிஸ்வாக் என்னும் பீலு மரக் குச்சி.

குச்சியில் சாறும் உண்டு, நாரும் உண்டு. மென்றால் நார் பிரிந்து தூரிகை போல ஆகும். அது ஊத்தையைத் தேய்த்து எடுக்கிறது. சாறு கூடவே வேலை செய்கிறது. தேய்ப்பது முதல் வேலை, சாறு இரண்டாவது வேலை. நம் முன்னோர் குச்சியைப் பிடித்ததில் இந்தக் கணக்கு இருக்கிறது. இலைக் கஷாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தேய்ப்பதை விட்டுவிட்டால், பாதி வைத்தியத்தைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

குச்சியிலும் முறை உண்டு. பச்சைக் குச்சியாக இருக்க வேண்டும். சுண்டுவிரல் பருமனுக்கு மேல் வேண்டாம். நுனி நன்றாக மெத்தென்று ஆகும் வரை மெல்லுங்கள். ஈறு ஓரத்தில் மெதுவாகத் தேய்யுங்கள். இடமும் வலமுமாக மரம் அறுப்பது போல இழுத்தால் ஈறு கீழே இறங்கும், பல்லின் கழுத்து தேயும். பின்பற்களின் உள்பக்கத்துக்குக் குச்சி எளிதில் போகாது. அங்கே மென்மையான பிரஷ் நல்லது.

செங்கல் தூள், சாம்பல், கரி, மணல் எதுவும் வேண்டாம். பல் வெளுப்பது போலத் தெரியும். உண்மையில் பல் தேய்கிறது.

ஈறில் புகையிலை

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இலை என்றாலே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. புகையிலையும் ஓர் இலைதான்.

மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி என்று ஒன்று உண்டு. புகையிலையைக் கருக வறுத்துப் பொடித்த பொடி. பெண்கள் அதைப் பல்லிலும் ஈறிலும் தேய்க்கிறார்கள். பீகார் பக்கம் குல். ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் குடாக்கு, அதாவது புகையிலையை வெல்லப் பாகில் குழைத்த பசை. குஜராத்தில் பஜ்ஜர். பல் சுத்தமாகும், ஈறு கெட்டிப்படும் என்று நம்பித்தான் தொடங்குகிறார்கள். பிறகு விட முடிவதில்லை. தலைவலிக்கும், மலம் போகாது, வேலை ஓடாது என்பார்கள். அது பல் சுத்தம் அல்ல, போதைப் பழக்கம்.

பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992இல் தடை செய்தது. அப்படியும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை.

புகையிலையில் உள்ள நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. அதனால் ஈறில் ரத்தம் வருவது குறையும். "பார்த்தாயா, ரத்தம் நின்றுவிட்டது" என்று சந்தோஷப்படுவார்கள். நோய் நிற்கவில்லை. அபாய மணியின் நாக்கைக் கழற்றியாகிவிட்டது, அவ்வளவுதான். அடியில் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். கூடவே வாய்ப் புற்றுநோய் காத்திருக்கும்.

வெற்றிலையும் இப்படித்தான். இலைக்குக் கிருமியைத் தாக்கும் குணம் உண்டு. ஆனால் வெற்றிலையைத் தனியாக மெல்பவர் எத்தனை பேர்? பாக்கு வைப்போம், சுண்ணாம்பு வைப்போம், சிலர் புகையிலையும் வைப்பார்கள். பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்தது. புகையிலை இல்லாத தாம்பூலமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பாக்குப் போட்டுப் போட்டு வாய் திறக்க முடியாமல் இறுகிப்போனவர்களை நம் ஆஸ்பத்திரிகளில் நிறையப் பார்க்கலாம்.

கஷாயம் வைப்பது எப்படி?

ஆரம்ப நிலை ஈறு அழற்சிக்குக் கொப்பளிக்க விரும்பினால் செய்யலாம். ஒரு கைப்பிடி வேப்பிலை அல்லது கொய்யாக் கொழுந்து எடுங்கள். மருந்து அடித்த தோட்டத்து இலை வேண்டாம். சாலைப் புழுதி படிந்த இலை வேண்டாம். நன்றாகக் கழுவுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். ஒரு டம்ளராகச் சுண்டியதும் இறக்கி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். பல் துலக்கிய பிறகு ஒரு வாய் ஊற்றி அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம். கர்ப்பிணிகள் இதைத் தவிர்த்துவிடலாம். அவர்களுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரே போதும்.

கஷாயத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். அதில் சேர்ந்திருப்பது இலைச் சத்து மட்டும் அல்ல, கிருமிக்கு உணவும்தான். மறுநாள் அதிலேயே கிருமி வளரும். இந்தக் கஷாயத்தின் வீரியம் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மரம், இலையின் வயது, மழைக்காலம், வெயில்காலம் எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். ஆய்வில் அளந்து கொடுத்த சாற்றின் பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது.

வேப்பெண்ணெய் வேறு, வேப்பிலை வேறு. வேப்பெண்ணெயைக் குழந்தைகளின் வாயில் ஊற்றக் கூடாது. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட சிறு குழந்தைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வந்ததை 1981இல் மருத்துவர்கள் எழுதினார்கள். இறப்பும் நேர்ந்தது.

இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கிப் பாருங்கள். காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறையும். கிருமிக்கு அது வசதி. ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விடுவது பலர் செய்யும் தவறு. ரத்தம் வரும் இடத்தில்தான் ஊத்தை இருக்கிறது. அங்கேதான் மெதுவாகத் தேய்க்க வேண்டும்.

இரண்டு வாரத்திலும் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போங்கள். காரை, சீழ், ஆடும் பல், விடாத நாற்றம் இருந்தால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் உடனே காட்ட வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்தால் சர்க்கரை அளவும் ஓரளவு இறங்குவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஈறில் மட்டும் அல்லாமல் மூக்கிலும் தோலிலும் ரத்தம் கசிந்தால், காய்ச்சலும் இருந்தால், அது ரத்தம் சம்பந்தப்பட்ட நோயாக இருக்கலாம். அதற்குப் பொது மருத்துவரிடம் ஓடுங்கள்.

மாவட்ட மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கும். மத்திய அரசு 2014-15இல் தொடங்கிய தேசிய வாய்நலத் திட்டம் இந்தப் பிரிவுகளுக்கு உதவுகிறது. பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குறைந்த செலவில் பார்ப்பார்கள். அங்கே நுனியில் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறுப் பையின் ஆழத்தை அளப்பார்கள். பிறகு கருவியால் காரையை உடைத்து எடுப்பார்கள்.

"சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். இதை நம்பிப் பல்லை இழந்தவர்கள் ஏராளம். நடப்பது இதுதான். எலும்பு கரைந்து பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும். காரை சிமெண்ட் போல அடைத்துக்கொண்டு அதை மறைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் தெரியும். வீக்கம் வற்றியதும் சந்தும் தெரியும். சில நாள் பல் கூசும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று இருக்கும். இதெல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். அழற்சி குறையக் குறைய ஈறு பல்லோடு மறுபடியும் ஒட்டும். லேசாக ஆடிய பற்கள் பல சமயம் நிலைகொள்ளும்.

காரையை எடுத்த பிறகு பல் மறுபடி வழுவழுப்பாக இருக்கும். வேப்பிலைக் கஷாயத்துக்கோ துளசித் தண்ணீருக்கோ ஏற்ற நேரம் அதுதான். பழைய கோட்டை இடிந்துவிட்டது. புதிதாக வரும் கிருமி ஒட்டுவதற்கு முன்னால் சாறு அதை எட்டும். குச்சியோ பிரஷோ கையில் இருக்கட்டும், தொடர்ந்து கொப்பளிக்கலாமா என்று அந்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.